மரத்தின் வயது

நாங்கள் வேலை செய்யும் உணவகத்தில் மேசைகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற பெடியன் ஒருவன் பகலில் பல்கலைக்கழக மாணவன். வெள்ளைக்காரப் பிள்ளை, நல்ல குணம். குசினியில் நிற்கிற நாலு தமிழர்களையும் பேர் சொல்லிக் கூப்பிடுவான். தனக்குக் கிடைக்கிற ரிப்ஸில் எங்களுக்கும் ஒழுங்காகப் பங்கு வைப்பான். ஒரு குளிர்கால இரவு, கடைசி மேசையும் எழும்பிப் போன பிறகு, நாங்கள் சட்டிகளை உரஞ்சிக்கொண்டு நின்றபோது மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். "உங்கள் நாட்டுக்குப் போகப் போகிறேன்" என்றான். சிறுத்தை ஆராய்ச்சி. மரங்களில் கமராக்களைக் கட்டி, இரவில் போய்வருகிற சிறுத்தைகளைப் படம் பிடித்து, உடம்புப் புள்ளிகளைக் கொண்டு ஒவ்வொன்றையும் வேறுபிரித்து எண்ணுவது. இடம் வில்பத்துவும் அதற்கு வடக்கே உள்ள காடுகளும்.

வரைபடத்தைத் திறந்து காட்டினான். வில்பத்துவின் வட எல்லையான மோதரகம் ஆற்றுக்கு மேலே விரலை வைத்து, "இந்தப் பகுதி பழைய காடு இல்லை. இரண்டாவது தடவை வளர்ந்த காடு. மரங்களுக்கு முப்பது, முப்பத்தைந்து வயதுதான் இருக்கும்" என்றான். எங்கள் பக்கத்து வரண்ட காட்டில் பல மரங்களுக்கு இங்கத்தைய மேப்பிளைப்போல வருடத்துக்கொரு வளையம் ஒழுங்காக விழுவதில்லை. ஆகவே பழைய செய்மதிப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வயதைக் கணித்திருந்தான். எண்பதுகளின் படத்தில் வெளிறிய கட்டங்கள். பிறகு பற்றை. பிறகு ஒரே பச்சை. "ஏதோ காரணத்தால் அந்த நேரத்தில் விவசாயம் நின்றுபோயிருக்கிறது" என்றான்.

நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. குசினியில் எங்களோடு நின்ற பருத்தித்துறைக்காரர் சட்டியை இன்னும் பலமாக உரஞ்சினார். அந்த வரைபடத்தில் அவன் விரல் நின்ற இடம் முசலி. மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி. அந்த "ஏதோ காரணம்" 1990 ஒக்ரோபர்.

இந்தச் சஞ்சிகையை வாசிப்பவர்களுக்கு அந்த மாதத்தைப் பற்றி விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறோம். என்றாலும் இளையவர்கள் வாசிக்கக்கூடும். அந்த ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும், ஏறத்தாழ 75,000 பேரை, வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னாரில் சில நாட்கள். போனவர்களில் பெரும்பாலானோர் புத்தளம், கற்பிட்டிப் பக்கத்துக் கொட்டில்களில் இருபது வருடம் வாழ்ந்தார்கள். அவர்கள் விட்டுப்போன வயல்களில் முதலில் நாயுண்ணியும் உடையும் வந்தன. பிறகு விளாத்தி, வீரை, பாலை. பிறகு யானை. பிறகு சிறுத்தை. பிறகு இப்போது, கமராவோடு எங்கள் பெடியன்.

எங்கள் ஊர் அங்கிருந்து தூரமில்லை. அப்போது எங்களுக்கு நாலு வயது. ஞாபகம் என்று எதையும் சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்கும். ஆனால் எங்கள் வீட்டுக் கோடிக்குள் பெரிய பித்தளைக் கிடாரம் ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. நூறு பேருக்குச் சோறு ஆக்கலாம். "அது எங்கட இல்லை, நானா ஆக்கள் வைச்சிட்டுப் போனது" என்று அம்மா சொல்வா. அவர்களோடு எங்கள் அப்புவுக்கு நெல்லுக் கொடுக்கல் வாங்கல். 1990இல் அவர் அந்தக் கிடாரத்தை வண்டிலில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "வரும்போது எடுக்கிறம்" என்று சொல்லிப் போனாராம். நாங்கள் பிறகு எத்தனையோ தடவை இடம்பெயர்ந்தோம். கிடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடமுடியாது; ஒருமுறை அம்மா அதைக் கிணற்றடியில் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டுப் போனா. திரும்பி வந்து தோண்டி எடுத்தா. இன்றைக்கும் வைத்திருக்கிறா.

மிருகங்களைப் பற்றி எழுத வெளிக்கிட்டுக் கிடாரத்தில் நிற்கிறோம். ஆனால் இரண்டும் ஒரே கதைதான்.

வில்பத்துவுக்கு ஆராய்ச்சியாளர் வருவது புதிதல்ல. 1938இல் தேசியப் பூங்காவான இடம் அது. அமெரிக்காவின் சிமித்சோனியன் நிறுவனம் 1960களின் பிற்பகுதியில் இலங்கையில் யானைகளையும் குரங்குகளையும் ஆராயத் தொடங்கியது. அந்த வேலையின் பகுதியாக ஐசன்பேர்க், லொக்ஹாட் என்ற இருவர் வில்பத்துவைப் பற்றிச் செய்த ஆய்வு 1972இல் வெளிவந்தது. அதே காலத்தில், 1968இல், பொலநறுவையில் டிட்டஸ் தொடங்கிய குரங்கு ஆராய்ச்சி பல பத்து வருடங்களுக்கு நீண்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாங்கள் விலங்கியல் படித்த கொஞ்சக் காலத்தில் இந்தப் பெயர்களைக் கேட்டிருக்கிறோம். 2006 ஓகஸ்ரில் முகமாலை மூடப்பட்டதோடு எங்கள் படிப்பும் மூடப்பட்டது. அந்த ஆராய்ச்சிகளை மட்டமாகச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. ஒரு குரங்குக் கூட்டத்தை ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது இலேசான வேலையல்ல.

ஆனால் காடு வெறுங்காடாக எப்போதும் இருந்ததில்லை. வில்பத்துவின் மேற்குக் கரைப்பக்கம் பொம்பரிப்பில் தாழிகள் புதைத்த பழைய இடுகாடு இருக்கிறது. 1950களில் தோண்டினார்கள். காட்டின் நடுவில் பள்ளக்கண்டல் அந்தோனியார் கோயில் இருக்கிறது. வருடத்துக்கொருமுறை சனம் போய்ப் பெருநாள் கொண்டாடிவிட்டு வரும். அந்தப் பூங்காவின் பெயரே அதற்குள் கிடக்கிற வில்லுகளால், நாங்களும் வில்லு என்றே சொல்கிற அந்த நீர்நிலைகளால், வந்தது. ஆட்கள் குடியிருந்து, பெயர் வைத்து, செத்துப் புதைந்த இடம்.

யுத்தம் காட்டைக் காப்பாற்றியது என்று சில இயற்கை ஆர்வலர்கள் எழுதுவதைப் பார்த்திருக்கிறோம். கொரியாவில் 1953இல் போட்ட எல்லைக்கோட்டுக்குள் கொக்குகள் வந்து தங்குவதைச் சொல்லி, அதைப்போல என்று வில்பத்துவையும் சொல்வார்கள். அந்தக் காப்பாற்றல் எப்படிப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதவேண்டும். 1985 மே மாதம் அனுராதபுரத்தில் கொலை செய்துவிட்டு வந்தவர்கள் வில்பத்துவுக்குள்ளும் புகுந்து அங்கிருந்த சிங்களவர்களைக் கொன்றார்கள். பல வருடம் பூட்டிக்கிடந்து திறந்த பூங்காவில், 2006 மே மாதம், ஆனையிறவை வைத்து நாவல் எழுதிய நிஹால் டி சில்வா கண்ணிவெடியில் அகப்பட்டுச் செத்தார். காடு பார்க்கப் போன மனிதர். இவற்றுக்கு நடுவில்தான் மரங்கள் வளர்ந்தன.

யுத்தம் முடிந்தபின் முசலி முஸ்லிம்கள் திரும்பிவரத் தொடங்கினார்கள். வந்து பார்த்தால் ஊர் இல்லை, காடு. 2012 ஒக்ரோபரில் அரசாங்கம் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கத்தை ஒதுக்குக் காடு என்று வர்த்தமானியில் போட்டது. அவர்கள் துப்புரவாக்கிக் குடியேறியபோது "வில்பத்துவை அழிக்கிறார்கள்" என்று கொழும்பில் பெரிய சத்தம் எழும்பியது. 2017 மார்ச்சில் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன ரஷ்யாவில் நின்றபடி கையெழுத்து வைத்து, மாவில்லு என்ற பெயரில் பல காடுகளை ஒன்றாக்கிப் பாதுகாக்கப்பட்ட பிரதேசமாக அறிவித்தார். ஏறத்தாழ 40,000 ஹெக்டேயர். 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், முன்னாள் அமைச்சர் ரிஷாட் பதியுதீன் தன் செலவில் மரம் நடவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது.

இதில் எல்லாம் ஒரு பக்கத்து நியாயம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. 1990இல் ஒரு குடும்பமாகப் போனவர்கள் மூன்று நாலு குடும்பமாக வந்தார்கள். அவர்களுக்கு விட்டுப்போனதைவிட அதிக நிலம் வேண்டியிருந்தது. அரசியல்வாதி இருக்கிற இடத்தில் அரசியல்வாதியின் கணக்கும் இருக்கும். வெட்டப்பட்டவற்றில் பழைய காடும் இருந்தது என்று வழக்குப் போட்டவர்கள் சொன்னதைப் பொய் என்று தள்ள எங்களிடம் ஆதாரமில்லை. அந்தக் காட்டில் பிறந்து வளர்ந்த சிறுத்தை யாரையும் துரத்தவில்லை. அதற்கு எந்த இயக்கமும் தெரியாது.

ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஒரு இடத்துக்குப் போய் அங்கே இருக்கிற உயிர்களை எண்ணுகிற ஒருவருக்கு, அங்கே இல்லாதவர்களைப் பற்றி விசாரிக்கிற கடமை இருக்கிறதா?

இல்லை என்று சொல்பவர்களின் வாதம் விளங்காததல்ல. விஞ்ஞானி எண்ணிக்கை சொல்கிறான். சட்டம் போடுவது அரசாங்கம். அவனுடைய கட்டுரையில் "முக்கியமான வாழிடம்" என்று இருக்கும், "ஆட்களை உள்ளே விடாதே" என்று இருக்காது. சரி. எங்கள் குசினியில் ஓடர் சீட்டில் சிலவேளை "கச்சான் ஒத்துக்கொள்ளாது" என்று எழுதி வரும். அதைப் பார்க்காமல் சமைத்துவிட்டு, நான் சமைத்தேன், கொண்டுபோய் வைத்தது அவன் என்று சொல்லமுடியுமா? சாப்பாடு எங்கே போகிறது, யார் வாயில் போகிறது என்று சமைக்கிறவனுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. வரைபடமும் எங்கேயோ போகிறது. ஆராய்ச்சிக்கு அனுமதி கொழும்பில் கிடைக்கும், காசு வாஷிங்டனிலோ ரொறன்ரோவிலோ கிடைக்கும், பட்டம் இங்கே கிடைக்கும். வர்த்தமானி மட்டும் மறிச்சுக்கட்டியில் போய் விழும்.

1989இல் ராமச்சந்திர குகா இதைப்பற்றி எழுதினார். ஆளில்லாத வனம் என்ற அமெரிக்கக் கருத்தை இந்தியாவைப் போன்ற, சனம் நெருக்கமாக வாழ்கிற நாடுகளில் கொண்டுவந்து போட்டால் நிலம் ஏழையிடமிருந்து பணக்காரனிடம் போகும் என்பது அவர் வாதத்தின் சாரம். அது அமெரிக்காவிலும் கனடாவிலுமே உண்மையில்லாத கருத்து என்பதை நாங்கள் இங்கே வந்துதான் அறிந்தோம். பன்வ் பூங்காவின் அழகான படங்களை எல்லோர் வீட்டுக் கலண்டரிலும் பார்க்கலாம். அங்கே வேட்டையாடி வாழ்ந்த ஸ்டோனி நகோடா மக்களை வெளியே தள்ளித்தான் அந்த அமைதி உண்டானது.

ஆராய்ச்சி என்றாலே அநியாயம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. ராஜஸ்தானில் பரத்பூர் என்ற பறவைகள் சரணாலயம் இருக்கிறது. ஊரவர்களின் எருமைகள் மேய்வது பறவைகளுக்குக் கேடு என்று நிபுணர்கள் நினைத்தார்கள். 1982 நவம்பரில் மேய்ச்சல் தடை வந்தது. எதிர்த்தவர்கள்மேல் பொலிஸ் சுட்டது. ஊரவர் பலர் செத்தார்கள். பிறகு நடந்ததுதான் விசேஷம். தடைக்கு ஆதரவாக நின்ற பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமே அங்கே பத்து வருடம் ஆராய்ந்து, எருமை இல்லாமற்போனதால் நீர்ப்புல் மண்டித் தண்ணீரை மூடி, பறவைகளுக்குத்தான் நட்டம் என்று கண்டு சொன்னது. தாங்கள் சொன்னது பிழை என்று கணக்கோடு எழுதி வைப்பது பெரிய காரியம். ஆனால் செத்தவர்கள் அந்த அறிக்கையை வாசிக்கவில்லை. எருமைக்காரனைக் கேட்டிருந்தால் முதல்நாளே சொல்லியிருப்பான் என்று நாங்கள் குசினியில் கதைத்துக்கொண்டோம். உண்மையில் சொல்லியிருப்பானோ தெரியாது. கேட்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

இலங்கையிலேயே பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் அவரோடு சேர்ந்தவர்களும் யானைகளைப் பற்றிச் செய்த வேலை வேறு மாதிரி. நாட்டின் ஏறத்தாழ அறுபது வீதமான நிலத்தில் யானை திரிகிறது, அந்த நிலத்தின் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலான பகுதியில் மனிதரும் குடியிருக்கிறார்கள் என்று 2021இல் வெளியிட்டார்கள். யானையைக் காட்டுக்குள் துரத்தி வேலி போட்டால் அது பட்டினியில் சாகும். வேலியை ஊரைச் சுற்றியும் வயலைச் சுற்றியும் போடுங்கள் என்கிறார்கள். அண்மைய வருடங்களில் அங்கே வருடத்துக்கு 400க்கு மேற்பட்ட யானைகளும் 100க்கு மேற்பட்ட மனிதரும் சாகிறார்கள். இரண்டு பக்கத்துச் சாவையும் ஒரே பக்கத்தில் எழுதுகிற ஆராய்ச்சி என்றபடியால் எங்களுக்கு அதில் மதிப்பு.

இதுவரை வெள்ளைக்காரனையும் கொழும்பையும் கேட்டோம். எங்களையும் கேட்கவேண்டும்.

2015 யூனில் வடக்கில் நாலு இடங்களைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். சுண்டிக்குளம், நெடுந்தீவு, மடு வீதி, இராமர் அணை. போருக்குப் பிறகு வட மாகாணத்தின் சூழலை மதிப்பிட்டு 2014இல் தயாரித்த பெரிய அறிக்கையில் இவற்றுக்கான சிபாரிசு இருந்தது. சனம் முள்ளிவாய்க்காலுக்கும் முகாமுக்கும் போய் இன்னும் முழுதாகத் திரும்பாத நிலத்தை அளந்து கோடு போட்டார்கள் என்று எங்கள் ஆட்கள் கோபப்பட்டார்கள். நாங்களும் கோபப்பட்டோம். ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தால் இந்தக் கோபத்துக்குக் கைதட்டு நிச்சயம்.

ஆனால் 2017 மார்ச்சும் ஏப்ரலும் முசலியில் என்ன நடந்தது? முள்ளிக்குளத்துத் தமிழ்ச் சனம், கத்தோலிக்கர், கடற்படை பிடித்து வைத்திருந்த தங்கள் ஊரைக் கேட்டு வீதியில் இருந்தார்கள். 2007இல் எழுப்பப்பட்ட சனம். அதற்குச் சில கிலோமீற்றர் தள்ளி, அதே கிழமைகளில், மறிச்சுக்கட்டிப் பள்ளிவாசல் முன்னால் முஸ்லிம் சனம் மாவில்லு வர்த்தமானியை எதிர்த்து இருந்தார்கள். ஒரே வீதி, ஒரே வெய்யில். முள்ளிக்குளத்துப் படங்கள் எங்கள் எல்லோருடைய ரெலிபோனுக்கும் வந்தன. நாங்கள் அவற்றைப் பத்துப் பேருக்கு அனுப்பினோம். மறிச்சுக்கட்டிப் படம் ஒன்றும் வரவில்லை. வந்தது வேறு: "வில்பத்துவைக் காப்பாற்றுங்கள்" என்று மரம் வெட்டிக் கிடக்கிற படம். அதையும் எங்களில் சிலர் மற்றவர்களுக்கு அனுப்பினார்கள். சிறுத்தையின்மேல் உண்டான பாசம் என்று நாங்கள் நம்பவில்லை. எங்கள் குசினியில் அனுப்பியவர் யார் என்று எங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு நாள் முழுக்கக் கதைக்காமல் வெங்காயம் வெட்டினோம்.

எங்கள் பெடியன் அறியாமல் சொன்ன "ஏதோ காரணத்தால்" மன்னிக்கக்கூடியது. அறிந்தவர்கள் நாங்கள், அந்த நேரத்தில் வாய் திறக்கவில்லை.

ரூஜ் பூங்கா எங்களுக்குப் பக்கத்தில்தான். ஸ்காபரோ மிருகக்காட்சிச்சாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போவீர்கள். 2015இல் அதைத் தேசிய நகரப் பூங்கா ஆக்கியபோது உள்ளே கமம் செய்கிறவர்கள் இருந்தார்கள். 1970களில் விமான நிலையம் கட்டவென்று அரசாங்கம் காணிகளை எடுத்ததில் சொந்தக்காரர் வாடகைக்காரரான இடங்களும் அதற்குள் வந்தன. காடு முக்கியமா, கமம் முக்கியமா என்று பாராளுமன்றத்தில் வருடக்கணக்காக இழுபட்டது. 2017இல் சட்டத்தைத் திருத்தினார்கள். கமக்காரர்கள் இன்றும் உள்ளே சோளம் போடுகிறார்கள். இந்த நாட்டில் எல்லாம் நேர்மையாக நடக்கிறது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஆற்றுவாயில் ஐரோப்பியர் வரும்போது இருந்த செனெக்கா மக்களின் ஊரைப்பற்றி இப்போது ஒரு பலகைதான் பேசும். ஆனால் கேட்டார்கள், இழுபட்டது. மறிச்சுக்கட்டிக்காரனுக்கு இழுபட ஒரு பாராளுமன்றம் கிடைக்கவில்லை, வர்த்தமானிதான் கிடைத்தது.

சமாதான காலத்தில், 2003 என்று நினைக்கிறோம், வங்காலைப் பக்கம் பூநாரை பார்க்க வந்த ஒருவருக்கு மூன்று நாள் தொலைநோக்கி தூக்கிக்கொண்டு நடந்தோம். எங்கே சேறு, எங்கே நடக்கலாம், எந்த நேரம் பறவை வந்து இறங்கும் என்று காட்டினோம். காசு தந்தார், குறைவில்லை. அவர் எங்களிடம் பறவைகளைப் பற்றி நிறையக் கேட்டார். ஊரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாங்கள் முசலியைப் பற்றிச் சொல்லியிருப்போமா? இந்த வயதில் யோசித்தால், சொல்லியிருக்க மாட்டோம்.

போன மாதம் அந்தப் பெடியனிடம் சொன்னோம். வேலை முடிந்து, பின்கதவடியில், அவன் சிகரட் பிடித்துக்கொண்டு நின்றபோது. எங்கள் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்க அரை மணித்தியாலம் பிடித்தது. யார் துரத்தியது என்று கேட்டான். எங்கள் ஆக்கள் என்றோம். நீங்களா என்றான். அப்போது எங்களுக்கு நாலு வயது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, தன் வரைபடத்தில் பழைய ஊர்களின் பெயர்களையும் குளங்களின் பெயர்களையும் எழுதித் தரமுடியுமா, அந்த ஆட்களிடம் போய்க் கேட்கத் தனக்கு யாரையாவது தெரியப்படுத்த முடியுமா என்று கேட்டான். அவனுடைய பேராசிரியருக்கு இது பிடிக்குமோ தெரியாதாம். கமரா கட்டுவதை இரண்டு மாதம் பிந்திப்போட வேண்டிவரும், காசு போதுமோ என்றும் சொன்னான்.

எங்களுக்குத் தெரிந்தது ஐந்தாறு பெயர்தான். அகத்திமுறிப்புக் குளம் தெரியும், கல்லாறு தெரியும். மிச்சத்துக்கு அம்மாவுக்குப் போன் எடுத்தோம். அம்மா குளம் குளமாகச் சொல்லிக்கொண்டே போனா. எந்தக் குளத்தின் கீழ் யாருடைய வயல், யாருடைய மாடு எந்தப் பக்கம் மேயும் என்பது வரை. நாங்கள் ஓடர் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதினோம். பதினொரு சீட்டு. கடைசியில் அம்மா, "தம்பி, அந்தப் பெடியன் உண்மையிலை அங்கை போவானோ?" என்று கேட்டா. போவான் போல என்றோம். "அப்ப நானான்ரை பிள்ளையள் ஆரும் வந்து இருக்கினமோ எண்டு கேக்கச் சொல்லு. கிடாரம் இஞ்சைதான் கிடக்கு" என்றா.